தண்ணி நிக்குதா

திங்கள் முதல் சனி வரை எனக்குத் தங்கம்.
பகாவ் பெரிய வீதி அடகுக்கடையில்
கம்பிவலைக்குப் பின்னால் அமர்ந்து
பிறர் கழுத்துக் கொடிகளை உரைகல்லில் இழுப்பேன்.
கல் பொய் சொல்லாது.
கொண்டுவருகிறவர்கள் சொல்வார்கள்,
கண்ணைப் பார்க்காமல்.

ஞாயிறு மட்டும் மண்.

பேருந்து நிலையத்தின் பின்புறம்
நீலத் தார்ப்பாய் விரித்திருப்பான் ஆ லெக்.
முள் இல்லாத கடிகாரம், துருப்பிடித்த பால் வாளி,
ஏலத்தில் எடுத்த துரை பங்களாப் பீங்கான்.
செம்பனை லோரி ஒன்று கடந்தால் போதும்,
ஜாடிகளெல்லாம் பல்லைக் கடிக்கும்.

யாரும் சொல்லித்தரவில்லை எனக்கு.
தேத்தண்ணியில் ஊறவைத்துப் பழசாக்கிய ஜாடியை
நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கி,
மூன்று நாள் அலமாரியே சாயாக்கடையாய் மணந்தபோது
கற்றுக்கொண்டேன்.

முதலில் கவிழ்க்க வேண்டும்.
மெருகு எட்டாத அடிவட்டம்
உப்புத்தாளாய்ச் சொரசொரத்தால் நேற்றுப் பிறந்தது.
பழசுக்குப் பாதம் மழுங்கியிருக்கும்,
குளத்துப் படிபோல.
பிறகு பூதக்கண்ணாடி:
இதழின் ஓரம் புள்ளிபுள்ளியாய் உதிர்ந்தால் அச்சு.
தூரிகை என்றால்
கோடு ஓரிடத்தில் தடித்து
மூச்சுவிட்டு
மெலியும்.
அடியில் எழுதிய ராஜா முத்திரையை நம்பாதே,
செத்த ராஜா வழக்குப் போடமாட்டார்.
தங்கப் பூச்சில் எனக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.
பழைய தங்கம் தேயும்,
கைபடும் இடத்தில் மட்டும் தேயும்.

போன மாதம் ஒரு ஜோடி.
முழங்கால் உயரம், ரோஜா நிறப் பூக்கள்,
பச்சைச் சிறகில் ஒரு நியோன்யாப் பறவை.
"ஜோடி, தங்கச்சி. எண்ணூறு. பிரிச்சா பாவம்."
தோட்டத்துக் கடன் புத்தகத்தில் படித்த தமிழ் அவனுக்கு.

நகத்தால் சுண்டினேன்.
இடதுபுறத்தது கணீர்.
வலதுபுறத்தது, கதவைத் தட்டினால்
"யாரு?" என்று கேட்பது மாதிரி.

கண்ணாடியை வைத்தேன்.
இடது பறவையின் வால் ஓடியது.
வலது பறவையின் வால் பார்த்துப் பார்த்து நடந்தது.
காலில் ஒரு விரல் அதிகம்.
பங்களாவில் யாரோ ஒன்றை உடைத்து,
துரையம்மா மலையிலிருந்து இறங்குமுன்
யாரிடமோ ஓடிச் செய்வித்த நகல்.
கோடு முழுக்கப் பயம்.

இதில் ஒன்று அசல் என்று
நான் சொல்லியிருக்கலாம்.

"பாரு, ஆறு விரல்" என்றேன்.
"இது புதுசு. அப்போ ஜோடியே புதுசுதானே?"
ஆறு நாளும் பிறர் பொய்யை எடைபோடும் வாய்
ஏழாம் நாள் தன்னுடையதை
எடைபோடாமல் விற்றது.
இருநூற்றைம்பதுக்குப் படிந்தது.
அவன் பழைய நாளிதழில் சுற்றிக்கொடுத்தான்,
அசலைக் கொஞ்சம் அதிகக் கவனமாய்.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டிலும் தண்ணீர் ஊற்றி
நவநீதன் வெட்டிவந்த செவ்விஞ்சிப் பூவைச் செருகினோம்.
காலையில் மேசைவிரிப்பு குளம்.
டிவி ரிமோட் செத்துக் கிடந்தது.

கவிழ்த்தேன்.
அசலின் அடியில், முத்திரைக்கு நடுவே,
விரல் நுழையும் வட்டம்.
மெழுகு அடைத்து, மேலே வெள்ளை பூசி,
அதன்மேல் சாம்பல் தடவியிருந்தது.
ஒருகாலத்தில் மேசை விளக்காக்க
வயர் விடத் துளைத்திருக்கிறார்கள்.
துளை விழுந்த அசலுக்கு
சந்தையில் மூன்றிலொரு பங்குகூட வராது.

ஆறுவிரல் பறவை
ஒரு சொட்டும் விடவில்லை.
பயந்தவன் செய்தது,
நன்றாய்த்தான் செய்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு ஆ லெக்
தலை நிமிராமல் ஒரு பித்தளைக் கைப்பிடியைத் தேய்த்தபடி
கேட்டான்:
"தங்கச்சி, தண்ணி நிக்குதா?"

"எதுல?" என்றேன்.

இருவரும் சிரித்தோம் என்று எழுத ஆசைதான்.
அவன் சிரித்தான்.
நான் ஒரு நீலக் குடுவையைக் கவிழ்த்துப் பார்த்து,
நிமிர்த்தி,
பையிலிருந்து போத்தலை எடுத்து
மெதுவாக ஊற்றத் தொடங்கினேன்.